தட்டு வைத்த இடம்

என் ஓரகத்தியின் வீட்டுக் காணியில் குருவி கூடு கட்டிய அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவள் ஒரு குருவிக்காக வயிறெரிந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தது உண்மை. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது யாருக்கும் புரியாது.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பரா என்ற ஒற்றை அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். பிறகு ஏழு பேர்ச் அளவுச் சிறு காணியில் தனி வீடு கிடைத்தது. என் கணவருக்கு ஒன்று, அவர் தம்பிக்கு ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் வேலி போடவில்லை. கட்டட வேலையில் மிஞ்சிய பிளாக் கற்களை இடுப்பளவுக்கு அடுக்கி அதுதான் எல்லை என்று வைத்துக்கொண்டோம். தம்பியின் மனைவி என் ஓரகத்தி. நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். ஒரே மலையில் பக்கத்து நிரைகளில் நின்று கொழுந்து பறித்தோம். பார்ப்பவர்கள் எங்களைக் கூடப்பிறந்தவர்கள் என்றுகூட நினைப்பார்கள்.

எனக்கு அவள் மேல் உள்ள பொறாமை குருவியில் தொடங்கியதல்ல, மாமியாரில் தொடங்கியது. அத்தை கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் கிடந்தது என் வீட்டில்தான். குளிப்பாட்டியது நான், கஞ்சி ஊட்டியது நான், துணி அலசியது நான். ஆனால் அத்தை கண்ணைத் திறந்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "சின்னவ வந்தாளா?" சின்னவள் வேலை முடிந்து கூடையை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து ஏதாவது ஊர்க்கதை பேசுவாள். அத்தை சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன்.

அத்தை போன பிறகு நிலைமை தலைகீழானது. கருமாதி முடிந்து வந்த முதல் அமாவாசைக்கு, அத்தை சாப்பிட்டுவந்த நீலக்கரை போட்ட இனாமல் தட்டில் சோறும் பருப்பும் போட்டு, சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தேன். கா கா என்று இரண்டு தரம் கூப்பிடுவதற்குள் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிறக் கழுத்து. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தது. அத்தை பார்ப்பதும் அப்படித்தான். அதே நேரத்தில் ஓரகத்தியும் தன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோறு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காகம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கிண்ணத்துச் சோறு வெயிலில் காய்ந்து போயிற்று. அதன் பிறகு அவள் காக்காய்க்கு வைப்பதையே விட்டுவிட்டாள்.

அவள் மருமகளாக வந்ததிலிருந்து இருந்த இருபது வருட எரிச்சலுக்கு அன்றுதான் மருந்து கிடைத்தது. உயிரோடு இருந்தபோது சின்னவளைத் தேடிய அத்தை, செத்த பிறகு யார் சோறு போட்டவள் என்று புரிந்துகொண்டு என்னைத் தேடி வந்துவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை வைத்தது போய், வெள்ளிக்கிழமை வைத்தேன், பிறகு தினமும் வைத்தேன். ஒரு காகம் நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. எது அத்தை என்று எனக்குக் குழப்பம் வரவில்லை. முதலில் வந்து தலை சாய்ப்பதுதான் அத்தை.

அத்தையின் படமும் என்னிடம்தான் இருந்தது. இருந்தது அந்த ஒரே படம்தான். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிச் சட்டம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். ஓரகத்தி அதற்கு ஒரு பிரதி எடுத்துத் தரச்சொல்லி மூன்று தடவை கேட்டாள். டவுனுக்குப் போகும்போது பார்க்கலாம் என்று மூன்று தடவையும் சொன்னேன். டவுனுக்கு எத்தனையோ தடவை போய் வந்தேன்.

இனிக் குருவிக்கு வருகிறேன். எங்கள் பேச்சில், நட்டதைத் தவிர மண்ணில் வேறு எது முளைத்தாலும் அதற்குப் பேர் புல்லு. செடியாக இருக்கட்டும், மரக்கன்றாக இருக்கட்டும், புல்லுதான். புல்லு என்றால் வெட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து தேயிலை மலையில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். புது வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் காணியில் இருந்த புல்லையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்தேன். ஒரு பக்கம் லீக்ஸ், ஒரு பக்கம் கரட், வாசலில் டேலியாவும் ரோசாவும். தேயிலைத் தோட்டத்து ஐயா ஒரு நாள் அந்த வழியாக நடந்து போகும்போது நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அதை ஓரகத்தியும் பார்த்தாளா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் காணி காடாகக் கிடந்தது. கொஞ்சம் கீரை, நாலு உருளைக்கிழங்குப் பாத்தி, அவ்வளவுதான். எல்லைக் கல்லுக்கு அருகே ஊதாப் பூப் பூக்கும் காட்டுச் செடி ஒன்று ஆள் உயரத்துக்குப் புதராக நின்றது. சிங்களத்தில் அதைப் போவிட்டியா என்பார்கள். வெட்டிப் போடேன் என்று நான் சொன்னால், "இருந்துட்டுப் போகட்டும் அக்கா, அது யாருக்கு என்னா பண்ணுது" என்பாள். சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேர் வைக்க அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் செடிக்குத்தான் அவை வந்தன. ஒரு சோடி. உடம்பு பாசிப்பச்சை, தலை கறுப்பு, காதுக்குப் பின்னால் பூவைச் செருகியதுபோல மஞ்சள் கொத்து. எங்கள் பக்கத்தில் அதைச் சும்மா கொண்டைக்குருவி என்போம், காட்டோரத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாசியையும் மெல்லிய வேரையும் கொண்டுவந்து கிளைக்கவட்டில் கிண்ணம்போலக் கூடு கட்டின. ஓரகத்தி வேலையிலிருந்து வந்தால் கூடையை இறக்குவதற்கு முன் அந்தச் செடிக்குத்தான் போவாள். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கரட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே நான் பார்ப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. பழுத்த பப்பாசியை வெட்டி ரோசாச்செடிக்குப் பக்கத்தில் வைத்தேன். குருவி வரவில்லை, காகம் தின்றது. வாழைப்பழம் வைத்தேன், அதையும் காகம் தின்றது. ஒரு தட்டையான சட்டியில் தண்ணீர் வைத்தேன். காகம் எங்கிருந்தோ ஒரு எலும்பைக் கொண்டுவந்து அதில் நனைத்தது. குருவிகள் என் டேலியாப் பூக்களுக்கு மேலாகப் பறந்து அந்தப் புல்லுக்குப் போயின.

கீழே பழைய துரை பங்களாவில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்குக் குருவி காட்டுவதற்கென்றே ஒரு சிங்களக்காரர் இருந்தார், முப்பது வயது இருக்கும், தமிழும் பேசுவார். எப்படியோ அவருக்குச் செய்தி எட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் பெரிய பெரிய கெமரா. என் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். என் டேலியாவை ஒருவர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேராகப் போய் அவள் புல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டு படம் எடுத்தார்கள். ஓரகத்தி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். வெள்ளைக்காரி ஒருத்தி அவள் தோளில் கைபோட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, வாங்க, வந்து பாருங்க. முட்ட போட்டிருக்கு," என்று அவள் எல்லைக் கல்லுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். போகாவிட்டால் எரிகிறது என்று தெரிந்துவிடுமே.

அந்தச் சிங்களக்காரர் மெதுவாகப் பேசினார். "இதுக்குச் சிங்களத்துல கஹ கன் கொண்டயான்னு பேரு. நம்ம நாட்டுல மட்டும்தான் இருக்கு அக்கா, ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. காக்கா மட்டும் கவனமா பாத்துக்கங்க. இந்த சாம்பல் கழுத்து காக்கா இந்த எடத்துக்கு உள்ளது இல்ல. கீழ இருந்து குப்பைக்குப் பின்னால ஏறி வந்தது. சோறு போட்டா கூட்டமா வரும். வந்தா முட்ட, குஞ்சு எல்லாம் எடுத்துரும்." சொல்லிக்கொண்டே என் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார். தொட்டி மேல் ஐந்து காகம் உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அத்தையைக் குப்பைக்குப் பின்னால் வந்தது என்கிறாரே. இந்த இடத்துக்கு உள்ளது இல்லை என்ற பேச்சை, இந்தியாவிலிருந்து தேயிலைக்கு வந்தவர்களின் வழியில் பிறந்த நாங்களும் எங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அதைப் பெரிய நியாயமாகப் பேசினேன். அவர் ம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தச் சிங்களக்காரர் சொன்னது சரி என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் முழுக்கறுப்பு அண்டங்காக்கைதான் ஒன்றிரண்டு உண்டு. சாம்பல் கழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டவுனில் சந்தைப் பக்கம் போக வேண்டும். கோபத்துக்கு நியாயம் கிடைத்த சந்தோஷத்தில் தெரிந்ததை மறந்ததுபோல இருந்துகொண்டேன்.

அடுத்த அமாவாசை வந்தது. முட்டை பொரிந்து இரண்டு குஞ்சு இருந்தது. அன்று காலையில் நான் தட்டைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைக்கவில்லை. தொட்டி பாசி பிடித்து வழுக்குகிறது, காகம் நின்று சாப்பிட வசதியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்துப் போய் எல்லைக் கல்லின் மேல் வைத்தேன். அங்கிருந்து அந்தச் செடிக்கு ஐந்து எட்டு வைத்தால் போதும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் இலைகளுக்கு நடுவில் கூடு தெரியும். எனக்கே தெரியும்போது காகத்துக்குத் தெரியாமல் போகுமா? இதை நினைக்காமல் வைத்தேன் என்று சொல்லப் பார்த்தேன், பல நாள் சொல்லியும் பார்த்தேன். நினைத்துத்தான் வைத்தேன்.

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஓரகத்தி துணி துவைக்கும் கல்லடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். மூன்றாம் நாள் தட்டில் நான் வைக்காத ஒரு உளுந்து வடை கிடந்தது. உளுந்து வடை என்றால் அத்தைக்கு உயிர். ஓகோ, என் காகத்தை வடை போட்டு வளைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடையை எடுத்து எறியக் கை போனது. அதற்குள் காகம் கவ்விக்கொண்டு போய்விட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. மூடுபனி விலகாத காலை. நான் சமையலறை ஜன்னலடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எல்லைக் கல்லில் மூன்று காகம். ஒன்று தட்டை விட்டுவிட்டுக் கல் மேலேயே நடந்து போய் செடிக்குத் தாவியது. குருவிகள் இரண்டும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஓரகத்தி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். வழுக்கி விழுந்து எழும்பி மறுபடி ஓடி வந்தாள். அதற்குள் காகம் வாயில் ஒரு குஞ்சோடு என் கூரைக்கு மேலாகப் பறந்தது.

நான் ஓடவில்லை. கையில் அரிசித் தண்ணீரோடு ஜன்னலில் நின்றேன். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று "சரி" என்றது. இனி இங்கு யார் வந்து படம் எடுப்பார்கள் பார்ப்போம் என்றது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ஓரகத்தி வேலைக்குப் போகவில்லை. செடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தடியோடு, மிச்சமிருந்த ஒரு குஞ்சுக்குக் காவல். காகம் வந்தால் சூ என்று தடியை ஓங்குவாள். ஓங்கிவிட்டு உடனே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

தட்டை எடுத்து உள்ளே வைத்தேன், சோறு வைப்பதை நிறுத்தினேன். காகங்கள் சமையலறை ஜன்னலுக்கே வந்து கத்தின. தலையைச் சாய்த்துப் பார்த்தன. அத்தையைப் பட்டினி போடுகிறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் மலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது டீ ஊற்றிக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டிப் போனேன்.

"வேலைக்குப் போகலயா?" என்றேன்.

"போனா இது இருக்காது அக்கா. ரெக்க வந்துருச்சு. இன்னும் ரெண்டு மூணு நாள்தான்."

"நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "காக்காயத் தொரத்திட்டு எதுக்குக் கன்னத்துல போட்டுக்கிற?" என்று கேட்டேன்.

"அத்தையத்தானே தொரத்துறேன்."

"அது காக்கா, தங்கச்சி." என் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் டீயை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. "நீங்க அப்பிடி சொல்லலாம் அக்கா. உங்ககிட்ட தெனமும் வந்தாங்க. நான் வச்ச அன்னைக்கு எட்டியும் பாக்கல. படுத்துக் கெடந்தப்ப ஒரு நாளும் சுத்தம் பண்ணல, சும்மா ஒக்காந்து கத பேசிட்டு வந்துட்டா, அதான் கோவம்னு நெனச்சுக்கிட்டேன். ரொம்ப நாளு அழுதிருக்கேன். உங்களப் பாத்தா பொறாமையா இருக்கும்."

அவள் கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நீங்க தட்டக் கொண்டாந்து எல்லைக் கல்லுல வச்சீங்கல்ல. அக்கா எனக்கும் அத்தையப் பங்கு குடுக்கிறாங்கன்னு நெனச்சேன். சந்தோசம் தாங்கல எனக்கு. உள்ள போயி அழுதுட்டேன். அதான் வட சுட்டு வச்சேன். உங்ககிட்ட கேக்காம வச்சது தப்புத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காக்காயா வந்த அத்தையே குஞ்சத் தூக்கிட்டுப் போனா அதுக்கு நீங்க என்னா செய்வீங்க. நீங்க நல்லதுக்குத்தான் வச்சீங்க."

நான் நல்லதுக்கு வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதோடு சரி. அவள் கையிலிருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. எழும்பி என் வீட்டுக்குப் போனேன். சுவரிலிருந்த அத்தையின் படத்தைக் கழற்றினேன். படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, நீலக்கரைத் தட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போய் இரண்டையும் அவளிடம் நீட்டினேன்.

"பிரதி எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. இதுதான் அந்தப் படம். ஒன் வீட்டுலயே இருக்கட்டும். இனிமே அமாவாசைக்கு இதுக்கு முன்னால வையி, வெளிய வேணாம். நானும் வந்து கும்பிட்டுக்கிறேன்."

"ஐயோ அக்கா, உங்களுக்கு?"

"நான்தான் ரெண்டு வருசம் பக்கத்துல வச்சுப் பாத்தேனே. நீ போயி மாட்டு. நான் இங்க ஒக்காந்திருக்கேன்." தடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குஞ்சு பிழைத்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் பறந்து போனதாம். அவள்தான் பார்த்தாள், நான் மலையில் இருந்தேன். அதற்கும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன். ஆனால் என் நினைப்பில் நிற்பது அந்த மத்தியானம்தான். முக்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டுக்குள் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. உள்ளே அவள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு அடிக்கும், ஓடிப் போய்ப் படத்தைத் திரும்பப் பிடுங்கிவரலாமா என்றுகூட எனக்கு வருகிறது. அப்போது எல்லைக் கல்லில் சாம்பல் கழுத்து ஒன்று வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

தடியை ஓங்கினேன். அது பறந்து போயிற்று. ஆணி அடித்துக்கொண்டிருந்தவள் இருந்த பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை.